வீட்டு பிளான் வாங்கும் முன் பாருங்கள்: எங்களுக்கு விற்கப்பட்டது வேறு தேசத்து வீடு

வீடு கட்டத் தயாராகிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, பாளையங்கோட்டை, தாழையூத்து, மானூர் பக்கம் அஞ்சாறு சென்ட் வாங்கிப் போட்டிருக்கிற குடும்பங்கள் அவசியம் வாசிக்க வேண்டும். கம்பியைக் குறைக்கிறான், சிமெண்டைக் குறைக்கிறான் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கும் முன்னால், காகிதத்திலேயே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்களுக்குப் பிளான் போட்டுக் கொடுத்தவரின் பெயரையும் அவர் கடைப் பெயரையும் எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது.

எங்கள் மனை தூத்துக்குடி ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி. 36 அடி அகலம், கிழக்குப் பார்த்த மனை. அத்தை, மாமா, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் என்று ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம். என்ன வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொன்னோம். அத்தைக்கு முழங்கால் வலி, அதனால் கீழே கழிவறையோடு ஒரு படுக்கையறை. ஊர்க் கோயில் கொடைக்கு வருகிற சொந்தக்காரர்கள் பாய் விரித்துப் படுக்கிற மாதிரி பட்டாசாலை, அதாவது பெரிய கூடம். அடுக்களையிலிருந்து நேரே புறவாசல். சாமான் வைக்க ஒரு அரங்கு. பிளான் போடுகிறவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். போர்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டிருந்தார். கட்டணம் 45,000 ரூபாய். 'அப்ரூவல் செலவு' என்று தனியாக 12,000. எல்லாமே போனில் அனுப்பிய பணம். ரசீது கேட்டபோது, "முடியும்போது மொத்தமா தாரேன்க்கா" என்றார்.

சொன்ன நாளுக்கு முன்னதாகவே பிளான் வந்தது. கூடவே வண்ணத்தில் ஒரு முப்பரிமாணப் படம். வீடு அதில் அவ்வளவு அழகாக இருந்தது, மாமா அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட வந்த கொத்தனார் அண்ணாச்சிதான் முதலில் நிறுத்தினார். முப்பது வருஷமாக இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர். பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

"ஏம்மா, படிக்கட்டுக்கு அடியில ஒரு கதவு போட்டிருக்காவளே, அது எங்க போவுது?"

"ஸ்டோர் ரூம்னு சொன்னாங்க அண்ணாச்சி."

டேப்பை வைத்து அளந்து காட்டினார். "உள்ள போனா ஆளு நிமிர முடியாது. இதுக்கு மூணடிக் கதவு எதுக்கு? அடுக்களையில இருந்து வெளிய போவ வாசலே இல்லியே, சாமான் கழுவ எங்க போவிய?"

பட்டாசாலை மூலையில் இரண்டரை அடிக்கு மூன்றடியில் ஒரு பெட்டி வரைந்திருந்தது. அது ஏன் என்று கேட்டதற்கு வரைந்தவர் 'டக்ட்', அதாவது குழாய் போகிற வழி என்று சொல்லியிருந்தார். எதற்கான டக்ட்? மேலே கழிவறை இல்லை, கீழே குழாய் இல்லை. அண்ணாச்சி, "கோடு போட மாட்டேம்மா, கேட்டுட்டு வாங்க" என்று நூலைச் சுருட்டி வைத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

என் அண்ணன் மகள் சிவில் படிக்கிறாள். பிளானைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவள் படத்தை இடவலமாகத் திருப்பி இணையத்தில் தேடியதும் அப்படியே வந்து விழுந்தது. குளிர் தேசத்து வீடு ஒன்றின் பிளான், சுவருக்குச் சுவர் அதேதான். அந்த மூலப் படத்தில், நம்ம பிளானில் படிக்கட்டுக்கு அடியில் இருந்த கதவுக்குப் பின்னால் கீழே இறங்குகிற படிக்கட்டு இருந்தது. அது நிலவறைக்குப் போகிற வழி. நம்மாள் அந்தக் கீழ்த் தளத்தை அழித்துவிட்டு, மிச்சத்தை நமக்கு விற்றிருக்கிறார். பட்டாசாலையில் இருந்த 'டக்ட்', கீழே இருக்கிற சூடேற்றும் அடுப்பின் புகைபோக்கி.

இதில் என்ன பெரிய தப்பு, நமக்குத்தான் நிலவறை வேண்டாமே என்று சிலர் கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். அந்தத் தேசங்களில் குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும். உறைகிற ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போனால்தான் வீடு அசையாமல் நிற்கும். பல இடங்களில் நாலடி, அதற்கு மேலும் தோண்டுகிறார்கள். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு முழுத் தளமாகவே ஆக்கிவிடுகிறார்கள். வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு, வெந்நீர்த் தொட்டி, துணி துவைக்கிற இயந்திரம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அங்கே போய்விடுகிறது. அதனால்தான் மேல் தளம் அவ்வளவு விசாலமாக, சுத்தமாகத் தெரிகிறது. கீழ்த் தளத்தை வெட்டி எறிந்தால் அங்கே இருந்ததெல்லாம் மேலே வந்தாக வேண்டும். அதற்கு இடம் ஒதுக்குவதுதான் பிளான் போடுகிறவரின் வேலை. அந்த வேலைக்குத்தான் காசு வாங்கினார்.

நம்ம பக்கம் கீழே தோண்டி அறை கட்டுவது தேவையும் இல்லை, நல்லதும் இல்லை. எங்கள் மனையில் கொஞ்சம் தோண்டினாலே சுக்கான் பாறை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வீட்டுக்குள்ளே தண்ணீர். தரைக்கு மேலே இருந்த வீடுகளுக்கே அந்தக் கதி. அதைப் பார்த்த பிறகும் எங்கள் பிளானில் பேஸ்மட்டம் (வெளியிலிருந்து வீட்டுத் தரையின் உயரம்) ஒன்றரை அடி என்றுதான் இருந்தது. ரோட்டு மட்டத்திலிருந்து ஒன்றரை அடியா, மனை மட்டத்திலிருந்தா என்றுகூட எழுதவில்லை. நாளைக்கு ரோட்டைப் புதுசாகப் போட்டு உயர்த்தினால் வாசலில் தண்ணீர் நிற்கும்.

இனி, மேலே வந்திருக்க வேண்டியவை. வாஷிங் மெஷினுக்கு இடம் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இல்லை. சிலிண்டர் வைக்க இல்லை. செப்டிக் டேங்கே வரையவில்லை! மூலப் படத்து வீட்டின் கழிவு தெருச் சாக்கடைக்குப் போகிறதோ என்னவோ, எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை கிடையாது. போர்வெல் ஒரு மூலை, செப்டிக் டேங்க் அதற்கு எதிர்மூலை என்று எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி முதலிலேயே குறிக்க வேண்டும். சம்ப், அதாவது தரைக்கு அடியில் கட்டுகிற தண்ணீர்த் தொட்டி இல்லை. 5,000 லிட்டர் சம்புக்கு உள்ளளவு ஆறடிக்கு ஆறடி, ஐந்தடி ஆழம் வேண்டும். அதைக் கார் நிறுத்துகிற இடத்துக்கு அடியில் வைப்பதா, பக்கத்துச் சந்தில் வைப்பதா என்பதைப் பொறுத்துப் பில்லர் இடமே மாறும். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம். அதற்கும் ஒரு கோடு இல்லை.

அரங்கு விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் நிலவறை இருந்ததில்லை, ஆனால் நடு வீட்டை ஒட்டி அரங்கு இருந்தது, மேலே மச்சு இருந்தது. வருஷத்துக்கு வாங்கிய புளி, கருப்பட்டி, அரிசி மூட்டை, சீர்ப் பாத்திரம், பித்தளை அண்டா, குத்துப்போணி எல்லாம் அங்கேதான் இருந்தது. வெயில் படாது, ஈரமும் ஏறாது. அத்தையிடம் இன்றைக்கும் அந்தப் பாத்திரமெல்லாம் இருக்கிறது. கொடைக்கும் கல்யாணத்துக்கும் வெளியே எடுப்போம். "ஒரு அரங்கு மட்டும் வச்சிருங்க தம்பி, வேற ஒண்ணும் கேக்கல" என்று அத்தை அவரிடம் கைகூப்பிக் கேட்டார். நோட்டில் எழுதிக்கொண்டு, ஆள் நிமிர முடியாத படிக்கட்டுப் பொந்தைக் கொடுத்திருக்கிறார். வயசானவர்களிடம் இப்படி நடந்துகொள்ள எப்படி மனசு வருகிறது?

படிக்கட்டையும் சொல்லிவிடுகிறேன், இது எல்லோரும் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடியது. தரையிலிருந்து மாடித் தரை வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். படிக்கட்டுக்கு அவர் விட்ட நீளம் 8 அடி. திரும்புகிற மேடைக்கு மூன்றடி போனால் மிச்சம் ஐந்தடி. பத்து அங்குல அகலத்தில் ஆறு படிதான் வைக்கலாம். இரண்டு பக்கமும் சேர்த்து 14 ஏற்றம். 126-ஐ 14-ஆல் வகுத்தால் ஒரு படியின் உயரம் 9 அங்குலம். முழங்கால் வலிக்காரர் என்ன, பள்ளிக்கூடப் பிள்ளைகூட மூச்சு வாங்கும். ஏழு அங்குலத்தில் ஏற வேண்டுமென்றால் 18 ஏற்றம், மேடையோடு சேர்த்து கிட்டத்தட்ட 9 அடி 8 அங்குலம் நீளம் வேண்டும், அதற்கு முன்னால் நிற்க இடமும் வேண்டும். மூலப் படத்தில் படி மரத்தில், வேறு உயரத்துக்கு இருந்திருக்கிறது. இவர் அதை அமுக்கி எட்டடிக்குள் திணித்திருக்கிறார்.

பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மூலப் படத்தில் அது தெற்குப் பார்த்தது. வடக்கே வெகு தூரத்தில் இருக்கிற தேசங்களில் குளிர்கால வெயில் தெற்கே தாழ்வாக வரும், அந்தச் சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளத்தான் அந்தக் கண்ணாடி. எங்கள் மனை கிழக்குப் பார்த்தது என்பதால் வீட்டை அப்படியே திருப்பி வைத்திருக்கிறார். கண்ணாடி மேற்கே வந்துவிட்டது. சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டையின் மாலை வெயிலையும், ஆனி ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றையும் புழுதியையும் நினைத்துப் பாருங்கள். படுக்கையறைகளுக்கோ இரண்டடி ஜன்னல்.

அறை அளவிலும் ஏமாற்று. 10-க்கு 10 என்று எழுதியிருப்பதைச் சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து எழுதியிருக்கிறார். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் உள்ளே நிற்பது 9 அடி 3 அங்குலம், பூச்சு வேலை முடிந்தால் அதிலும் குறையும்.

கடைக்குப் போய் மூலப் படத்தை முன்னால் வைத்தோம். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "எல்லாரும் இப்படித்தான்க்கா பண்றாங்க, மாடல் எடுத்துத்தான் மாத்திக் குடுக்கோம்" என்றார். மாற்றித் தாருங்கள் என்றால் இன்னும் 15,000 கேட்டார். கணினிக் கோப்பைக் கேட்டால் அது கொடுக்கிற வழக்கமில்லையாம். அப்ரூவலுக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணத்தையும் கட்டலாம். எங்கள் வீடு அதற்குள் வருகிறது. பிறகு அந்த 12,000 எங்கே போனது? அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

'ஆர்க்கிடெக்ட்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைக்க முடியாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களாள் பெயர் அதில் இல்லை. பதிவு பெற்ற இன்ஜினியரிடம் போவதும் நல்ல வழிதான், அவர்களிடமும் பதிவு எண் கேளுங்கள், தயங்காதீர்கள். பிளானை வாங்கியதும் வண்ணப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டை நெடுக்காக வெட்டிக் காட்டுகிற வரைபடத்தைக் கேளுங்கள். படிக்கட்டும் பேஸ்மட்டமும் அதில்தான் தெரியும். அதைத் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பணம் கட்டாதீர்கள். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், பேட்டரி எல்லாவற்றையும் அளந்து பிளானில் வரையச் சொல்லுங்கள். மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வீட்டில் மூத்த பெண்களை அடுக்களையிலிருந்து புறவாசல் வரை நடக்கவிட்டுக் கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கோடு போடுகிற அன்றைக்குத்தான் உண்மை வெளியே வந்தது.

பணம் கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். போனில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், அவர் அனுப்பிய பிளான், மூலப் படம் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறோம். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 12,000-ஐ மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறார். மிச்சம் 45,000-க்குப் புகார் தயாராகிறது.

இப்போது வேறு ஒரு பதிவு பெற்ற இன்ஜினியர் புதிதாக வரைந்திருக்கிறார். அடுக்களையை ஒட்டி 6-க்கு 8 அடியில் அரங்கு, அதற்கு மேலே பரண், புறவாசலில் துவைக்கிற மேடையும் மெஷினும், ரோட்டு மட்டத்திலிருந்து மூன்றரை அடி பேஸ்மட்டம். பட்டாசாலை நாலடி குறைந்திருக்கிறது, அத்தை சரி என்றுவிட்டார். தை பிறந்ததும் வானம் தோண்டுகிறோம்.

அந்த ஆள் இதே பிளானைத் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இன்னும் சிலருக்கு விற்றிருப்பதாகக் கேள்விப்பட்டோம். பட்டாசாலை மூலையில் காரணம் இல்லாத ஒரு பெட்டியும், மேற்கே முழுக் கண்ணாடியும், புறவாசல் இல்லாத அடுக்களையும் உங்கள் பிளானில் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்களிடம் இருக்கிற மூலப் படத்தையும் புகார் நகலையும் அனுப்புகிறேன். சேர்ந்தே ஆணையத்துக்குப் போகலாம்.