நிறம் மட்டும் போதாது என்பவர்களுக்கு: ஃபைட்டர், குட்டிப் பஃபர், ஷெல் ட்வெல்லர், ஆரஞ்சு குரோமைட்

வீட்டு மீன்தொட்டிக்கு நியான் டெட்ராவும் கப்பியும் அழகுதான். ஆனால் முதல் நாள் என்ன செய்தனவோ அதையேதான் ஆறு மாதம் கழித்தும் செய்துகொண்டிருக்கும். தொட்டிக்குள் ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு என் பட்டியலில் நான்கு மீன்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் நம்மைக் கவனிக்கிறவை. மற்ற இரண்டும் நம்மைக் கண்டுகொள்ளாமல் தங்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறவை. உங்களுக்கு எந்த வகை பிடிக்கும் என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபைட்டரைக் கடையில் சின்னப் பாட்டிலில் அடைத்து விற்பதால், அது சோம்பிக் கிடக்கிற மீன் என்று பலரும் நம்பிவிட்டார்கள். இருபது லிட்டர் தண்ணீரும் கொஞ்சம் செடியும் கொடுத்துப் பாருங்கள், ஆளே மாறிவிடும். தன் பிம்பத்தைக் கண்ணாடியில் கண்டால் செவுள் மூடியை விரித்து மிரட்டும். சாப்பாடு போடுகிற கையைச் சீக்கிரமே தெரிந்துகொண்டு மேலே வந்து நிற்கும். ஆண் மீன் நீர்மட்டத்தில் குமிழிகளால் கூடு கட்டும். கீழே விழும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கொண்டுபோய் அதில் ஒட்டும். காவலும் அதன் பொறுப்புதான். முட்டையிட்டு முடித்ததும் பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் துரத்தியே கொன்றுவிடும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கிற உறுப்பு இருப்பதால் பெரிய ஏர் பம்ப் தேவையில்லை. தாய்லாந்து 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. குறை என்னவென்றால், ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்தான். கதாநாயகன் ஒருவன் மட்டுமே உள்ள நாடகம் சிலருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

குட்டிப் பஃபர் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன். வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். நத்தையைக் கண்டால் உடனே பாயாது. பக்கவாட்டில் நகர்ந்து, நின்று, குறி பார்த்து, வெளியே நீளும் சதையைச் சட்டென்று கடிக்கும். பார்க்க ஃபைட்டரைவிடச் சுவாரசியம் என்றே சொல்வேன். ஆனால் பராமரிப்பில் தொல்லை அதிகம். பெரும்பாலானவை உலர் தீவனத்தைத் தொடாது. நத்தை, உறைந்த பிளட் வார்ம் (சிவப்புப் புழு), ஆர்ட்டீமியா (பொடி இறால் போன்ற சிற்றுயிர்) என்று ஏதாவது தேடிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். கடைக்கு வருபவற்றில் பல ஆற்றில் பிடித்தவை. இந்த இனமோ அழியும் ஆபத்தை எதிர்நோக்குபவற்றின் பட்டியலில் இருக்கிறது. அதனால் தொட்டியில் பொரித்து வளர்த்தது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். பயந்தால் பந்துபோல் உடம்பை உப்பிக்கொள்ளும், அப்படி உப்பச் செய்து வேடிக்கை காட்டுவதற்காக இதைச் சீண்டுபவர்களுக்கு மீனே விற்கக் கூடாது.

ஷெல் ட்வெல்லர் ஆப்பிரிக்காவின் தாங்கனீக்கா ஏரியில் வாழ்வது, நத்தை ஓடுதான் இதன் வீடு. அதிலும் ‘மல்டி’ என்று அழைக்கப்படும் இனம் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. வாயால் மணலை அள்ளிக் கொட்டி, வாசல் மட்டும் தெரியும்படி ஓட்டைப் புதைத்துக்கொள்ளும். அடுத்த வீட்டுக்காரர் எல்லை தாண்டினால் சண்டைதான். குஞ்சுகள் வளர்ந்த பிறகும் பெற்றோர் பக்கத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல அது ஒரு காலனியாகிவிடும். இரண்டடித் தொட்டி போதும். மற்ற மீன்களுக்குத் தலைவலியாக இருக்கிற கடினமான போர்வெல் தண்ணீர் இதற்குத் தோதாக இருப்பது நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய வசதி. குளத்து நத்தை ஓடுகளை வேகவைத்துக் கழுவிப் போடலாம். மீன் கிடைப்பதுதான் சிரமம், சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

நான்கில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் என் கை ஆரஞ்சு குரோமைட் பக்கம் போகும். தென்னிந்தியா, இலங்கையின் காயல்களிலும் கழிமுகங்களிலும் வாழ்கிற, சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன மீன் இது. கேரளத்துக் கரிமீனின் உறவு. தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காக்கும், துடுப்பால் விசிறும், குஞ்சுக் கூட்டத்தைத் தொட்டி முழுக்க மேய்த்துக்கொண்டு போகும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். இந்தக் காட்சிக்காகவே, இதே போலக் குஞ்சுக்கு ஊட்டுகிற டிஸ்கஸ் மீனை வாங்கிப் பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்தவர்கள் உண்டு. குரோமைட்டுக்கு அந்தச் செல்லம் எதுவும் தேவையில்லை. காயலில் இதன் இளம் மீன்கள் கரிமீனின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைச் சுத்தம் செய்துவிடும். அதே குரோமைட் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னவும் தயங்காது. இந்த உறவை என்னவென்று சொல்வது!

சென்ட்ரல் அமெரிக்காவின் கான்விக்ட் சிக்லிட்டும் இதே போலக் குடும்பம் நடத்தும். கிடைப்பதும் எளிது. ஆனால் குஞ்சு பொரித்துவிட்டால் தொட்டியிலுள்ள மற்றவர்களை வாழ விடாது; பொரித்ததை யாரிடம் கொடுப்பது என்று நீங்கள்தான் அலைய வேண்டும். ஆஸ்கர் என்ற மீனுக்கு ஆளை அடையாளம் தெரியும், சரி, ஆனால் முப்பது சென்டிமீட்டர் வரை வளர்கிற மீனுக்கு அபார்ட்மென்ட் வரவேற்பறையில் ஏது இடம்?

முதல் தொட்டி வைக்கிறவர், இடமும் குறைவு என்றால் ஃபைட்டர். தண்ணீர் கடினம், காத்திருக்கவும் தயார் என்றால் மல்டி. மூன்றடித் தொட்டிக்கு இடம் இருந்தால் குரோமைட்தான். அதை ஜோடியாக வாங்காதீர்கள். கடைக்காரர் ஆண், பெண் என்று காட்டுவதை நம்ப முடியாது. ஐந்தாறு குட்டிகளாக வாங்கி விடுங்கள். ஜோடி தானாகச் சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்ததும் மிச்சத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கும்போதே அதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.