தீபாவளிக்கு ஊருக்குப் போகையில்: தராசா, மூன்று விதியா?

2024 ஜனவரியில் 81 கிலோ இருந்தேன். செப்டம்பர் கடைசியில் 67. அந்த 14 கிலோவை எப்படிக் குறைத்தேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது. சோற்றை அளந்தேன், நடந்தேன், இரவு பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான். ஆனால் குறைத்த உடம்போடு தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போய் எப்படிச் சமாளித்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு நிஜமான பரீட்சை அதுதான். இரண்டு தீபாவளிக்கு இரண்டு விதமாகப் போய்ப் பார்த்துவிட்டேன்.

2024இல் போனது தராசு வழி. சமையலறைத் தராசு, அளவு டப்பாக்கள், கைப்பேசியில் கலோரி எழுதும் செயலி. சென்னையில் எப்படிச் சாப்பிட்டேனோ திருநெல்வேலியிலும் ஒரு கிராம் பிசகாமல் அப்படியே. 2025இல் போனது மூன்று விதி வழி. காலையில் காபிக்கு முன் 45 நிமிட நடை. பலகாரம் எதுவானாலும் தட்டில் வைத்து உட்கார்ந்துதான். அடுப்படியில் நின்றுகொண்டு ஒன்றும் வாய்க்குள் போகாது. சென்னை திரும்பிய மறுநாள் எடை பார்ப்பது, அப்புறம் வாரம் ஒரு தடவை. இந்த மூன்றைத் தவிர வேறு கணக்கு எதுவும் இல்லை.

"நாலு நாள்தானே, எல்லாத்தையும் சாப்பிடு, வந்து பாத்துக்கலாம்" என்று மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. என் கணவர் அதன் தலைவர். அவர் எடை குறைத்ததே இல்லை என்பதால் அந்தக் கட்சியை இங்கே சேர்க்கவில்லை.

நிறையத் தண்ணீர் குடி, நன்றாகத் தூங்கு என்பதெல்லாம் இரண்டு வழிக்கும் பொது. செலவிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. தராசு சில நூறு ரூபாய், விதிக்குக் காசே இல்லை.

ரயிலில் தராசு வழிதான் சுலபம், அதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியில் யாரும் உபசரிக்கப் போவதில்லை. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய நாலு இட்லி. எண்ணெயை ஸ்பூனில் அளந்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது. 2025இல் பகல் வண்டியான வந்தே பாரத்தில் போனோம். 2023 செப்டம்பரில் விட்ட வண்டி, எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை வந்துவிடுகிறது. முன்பதிவு செய்யும்போதே சாப்பாடு வேண்டாம் என்று போட்டுவிட்டேன். தராசு இல்லாமலும் அதே நாலு இட்லிதான். முந்திய வருடம் போன இரவு வண்டியில் மேல் பெர்த்தில் புரண்டுகொண்டே வந்து, மறுநாள் முழுக்க அகோரப் பசி. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பது கூடும் என்பார்கள். என் வயிறு அதற்குச் சாட்சி. எந்த வழியில் போவதானாலும் டிக்கெட் கிடைத்தால் பகல் வண்டியில் போங்கள்.

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கதை.

2024இல் ஆச்சி என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வாக்கியம், "ஏட்டி, என்ன சீக்காளி மாதிரி வத்திப் போயிட்டே?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நான் தராசை எடுத்து அடுப்படி மேடையில் வைத்தேன். அத்தை அதை ஒரு நிமிடம் பார்த்தார். "இது என்ன வீடா, ரேஷன் கடையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. தீபாவளி அன்று எண்ணெய்க் குளியல் முடித்து வந்ததும் இட்லி, வடை, சுசியம், கறிக்குழம்பு. நான் மொட்டைமாடியில் ஓட்ஸோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று அத்தை தனியாக எடுத்துவைத்த முந்திரிக்கொத்தை 'அப்புறம், அப்புறம்' என்று தள்ளிக்கொண்டே வந்ததில் அவர் அடுத்த நாள் என்னிடம் பேசவில்லை. ஆறு நாளும் ஒவ்வொரு வேளையும் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. சாப்பிடாததைவிட அந்த விளக்கம்தான் களைப்பு.

எடை பார்க்கும் மிஷினுக்கு இந்தச் சங்கடமெல்லாம் தெரியாது. நவம்பர் 4 காலை 67.3 காட்டியது. 300 கிராம்தான் கூடியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

2025இல் திரும்பி வந்த மறுநாள் 69.0. போகும்போது 67.2. ஐந்து நாளில் 1.8 கிலோ. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் தராசு வழிதான் சரி, இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. பெரும்பாலானவர்கள் இங்கேதான் தீர்ப்பு எழுதுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை: திரும்பி வந்த பிறகு பழைய வழக்கத்துக்கு வர எத்தனை நாள் ஆகிறது?

முதலில் அந்த 1.8 கிலோ என்ன என்று பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி கூடுதலாக வேண்டும். 1.8 கிலோவும் கொழுப்பென்றால் ஐந்து நாளும் தினசரித் தேவைக்கு மேல் கிட்டத்தட்ட 2,800 கலோரி தின்றிருக்கவேண்டும். எவ்வளவு அல்வாவை உள்ளே தள்ளினாலும் அது என்னால் ஆகாது. உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேமிக்கும்போது கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். முறுக்கு, மிக்சர் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடிக்கும். ஆக, ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த பதினோராம் நாள் 67.4க்கு இறங்கியிருந்தது. அதற்காக நான் பட்டினி கிடக்கவில்லை, கூடுதலாக ஓடவில்லை.

2024இல் என்ன ஆயிற்று? ஊரிலிருந்து கிளம்பும்போது அத்தை கோபத்தோடேயே ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய அதிரசம் கொடுத்துவிட்டிருந்தார். மூன்றாம் நாள் இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் மூடியைத் திறந்தேன். முதல் அதிரசம் உண்மையிலேயே பசிக்கு. அடுத்த ஆறு எதற்கென்று இன்றுவரை தெரியாது. விரலில் ஒட்டிய எள்ளைத் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் செயலியைத் திறக்கவில்லை. ஏழு அதிரசத்தை எந்த முகத்தோடு எழுதுவது? அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. ஊரில் ஆறு நாள் எல்லோர் கண் முன்னாலும் பிடித்துத் தொங்கியதில் அந்தத் தராசின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. அலமாரியில் போய் உட்கார்ந்தது, பொங்கல் வரை வெளியே வரவில்லை. பொங்கலன்று 70.4.

அதாவது, பயணத்தில் கூடியது 300 கிராம். பயணம் முடிந்த பிறகு கூடியது மூன்று கிலோ. இதில் தண்ணீர்க் கணக்கு சொல்லித் தப்பிக்க முடியாது. பத்து வாரம் நின்று நிதானமாக ஏறிய எடை அது.

பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஊரில் ஒரு முறை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது இரண்டாம்பட்சம். வீடு திரும்பும்போது அந்த முறையின் மேல் நமக்கு இன்னும் கொஞ்சம் பிரியம் மிச்சம் இருக்கிறதா? எட்டு மாதம் எனக்கு உதவிய தராசை நானே ஆறு நாளில் பகையாளி ஆக்கிக்கொண்டேன்.

அமெரிக்காவில் 195 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2000இல் வெளியானது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முற்பகுதி வரையிலான விருந்துக் காலத்தில் சராசரியாகக் கூடியது 370 கிராம்தான். ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கூடியது பிறகு இறங்கவில்லை என்பதுதான் அதில் சேதி. அதே நாட்டில் 1994இல் தொடங்கிய ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடமாவது ஏறாமல் வைத்திருப்பவர்களுக்கானது. அவர்களிடம் பொதுவாகக் காணும் வழக்கங்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்ப்பதும், தினம் ஒரு மணி நேரம் போல உடலசைவும் உண்டு. என் மூன்றில் இரண்டு விதி அங்கிருந்து எடுத்ததுதான். சாதா நாள், விடுமுறை நாள் என்று பிரிக்காமல் ஒரே மாதிரி சாப்பிடுவதும் அவர்கள் வழக்கங்களில் ஒன்று. அது தராசுக் கட்சிக்குத்தான் சாதகம், மறைக்கவில்லை.

இரண்டாவது விதி மட்டும் என் சொந்தச் சரக்கு. முறுக்கு சுடும் அன்று மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்கிறோம். உப்புப் பார்க்க ஒன்று, உடைந்தது ஒன்று, பிள்ளை கடித்து வைத்துவிட்டுப் போனது ஒன்று. பழைய தீபாவளிகளில் நான் ஏறிய எடையெல்லாம் இந்த உடைசலில்தான் வந்திருக்கும். அதைவிட முக்கியம், இந்த விதிக்கு யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. "நின்னுக்கிட்டுத் தின்னாதே" என்று பிள்ளைகளை அதட்டும் வீடு அது. "இருங்க அத்தை, உக்காந்து சாப்பிடுறேன்" என்றபோது அவர் முகம் மலர்ந்ததே தவிர சுருங்கவில்லை. இரண்டு அதிரசம், ஒரு முந்திரிக்கொத்து, தட்டில் வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாவது வைக்க வந்த கையை மறித்தபோது அவர் வற்புறுத்தவில்லை.

நடை விஷயத்தில் எதிர்பாராத லாபம் ஒன்று. விடியற்காலையில் டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் நடந்தால், அந்த 45 நிமிடமும் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. எப்போது பாத்திரம் தேய்ப்பது, யாருக்கு எந்தச் சேலை, சின்னவன் ஏன் படிக்கவில்லை, ஒன்றும் கிடையாது. பண்டிகை வீட்டில் மருமகளுக்குக் கிடைக்கும் ஒரே தனிமை. மூன்றாம் நாள் நாத்தனார் "நானும் வாரேன் மைனி" என்று சேர்ந்துகொண்டாள். தனிமை போனது, ஆனால் சாயங்காலச் சண்டைகளில் எனக்கு ஓர் ஆள் கிடைத்தது.

இவ்வளவு சொன்னாலும் என் அனுபவம் இரண்டு தீபாவளிதான். இரண்டாவது முறை நான் ஒரு வருடம் பழகியவள். முதல் முறை எடை குறைத்த சூடு ஆறாதவள். அந்த வித்தியாசமும் கணக்கில் சேரும். குறைத்து இரண்டு மூன்று மாதம்கூட ஆகாதவர்களுக்கு, யாரும் கண்காணிக்காத ஹோட்டல் அறையில் தங்கப்போகிறவர்களுக்கு, ஒரே நாள் கல்யாணத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு தராசு வழி பொருந்தும் என்றே நினைக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு அதிரசத் தட்டோடு உட்காரவேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறவர்களின் பசியே வேறு ரகம் என்று அலுவலகத் தோழி சொல்கிறாள், நான் போட்டதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் நீளும் பயணத்திலும் என் விதிகளைச் சோதித்ததில்லை. இரண்டு வாரம் என்றால் 'உட்கார்ந்து சாப்பிடுகிறேன்' என்ற பெயரில் தட்டு பெரிதாகிக்கொண்டே போகுமோ என்று எனக்கே சந்தேகம் உண்டு.

தராசு இப்போது அத்தையிடம் இருக்கிறது. போன தடவை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார், மைசூர்பாகுக்குச் சர்க்கரை நிறுக்க.

பொங்கலுக்கு மறுபடி கிளம்புகிறோம். 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறந்த அன்று காலையிலேயே உட்கார்ந்தும் ரயிலில் காத்திருப்போர் பட்டியல்தான், அதனால் பேருந்து. ரயில் இட்லிக்கு வழி கண்டுபிடித்தாயிற்று. இரவு பதினோரு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தும் மோட்டலில் கல்லில் கொத்தும் புரோட்டாவுக்கு என்னிடம் இன்னும் விதி இல்லை.