மிக்சர் என்று பணம் வாங்கி ஒய் கேபிளைப் பொருத்திக் கொடுத்த கடை: பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மோட்டார் சைக்கிளில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வைத்து, கைபேசியில் ஓடும் பாட்டையும் தனி ஜி.பி.எஸ் கருவி சொல்லும் வழியையும் அதிலேயே கேட்க விரும்புகிறவர்கள், வேலையை யாரிடமும் ஒப்படைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும் ஒரு கடையிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்பம் வந்தால், பாட்டின் சத்தம் தானாகத் தணிந்து, வழி சொல்லும் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்கென்று, இரண்டு கருவிகளின் ஒலியை ஒன்றாகச் சேர்த்துத் தரும் தனி மிக்சர் வைப்பதாகச் சொல்லி, ரசீதிலும் அப்படியே எழுதிப் பணத்தை முழுவதுமாக வாங்கிக்கொண்டார்கள்.

வண்டியை ஒப்படைத்த அன்று, எஞ்சினை ஓடவிடாமலே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். ஒலி நன்றாகவே இருந்தது. சாலைக்கு வந்து கைபேசியைப் பைக்கின் யூ.எஸ்.பி சார்ஜரில் செருகியதும் ஸ்பீக்கரில் 'கீ' என்று ஓர் இரைச்சல் எழுந்தது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க அதன் சுருதி ஏறியது, விட்டால் இறங்கியது. ஜி.பி.எஸ் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் மங்கிக் கேட்டது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, கைபேசியில்தான் கோளாறு, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நண்பரின் கைபேசியைச் செருகிக் காட்டினேன், அதே இரைச்சல். உடனே, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்தான் பழுது என்று பழி அதன் மேல் திரும்பியது.

இரண்டு பதிலுமே பொய். கைபேசி சார்ஜரில் இருக்கும்போதே ஆக்ஸ் கேபிள் (ஒலியைக் கடத்தும் வயர்) வழியாக ஆம்ப்ளிஃபையருடனும் இணைந்திருந்தால், அதன் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, இரண்டு பாதைகளில் பேட்டரிக்குப் போகிறது: ஒன்று சார்ஜரின் எர்த், மற்றொன்று ஆக்ஸ் கேபிளின் எர்த். இப்படி உருவாகும் எர்த் வளையத்தில் சார்ஜிங் மின்னோட்டத்தின் ஒரு பகுதி ஓடி, அதனால் எழும் மிகச் சிறிய மின்னழுத்தம் ஒலியின்மேல் ஏறிவிடுகிறது. பழுதில்லாத ஆல்டர்னேட்டரின் மின்சாரத்திலும் இருக்கும் சிறு அலைவு எஞ்சின் வேகத்தோடு மாறுவதால் இரைச்சலின் சுருதியும் கூடவே மாறுகிறது. சார்ஜர் வயரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் எர்த் வளையம்தான் என்று கொள்ளலாம். ஆக்ஸ் வயரின் நடுவே இந்த வளையத்தைத் துண்டிக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உள்ளே இருப்பது சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். இதுகூடத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. தெரிந்தே என்னைப் புதுக் கைபேசி வாங்கச் சொன்னார்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம்.

வேறொரு எலக்ட்ரீஷியனிடம் போய் சீட்டைக் கழற்றிப் பார்த்தபோது மிக்சர் என்று ஒன்று எங்கேயும் இல்லை. கைபேசியின் வயரையும் ஜி.பி.எஸ் வயரையும் ஒரு சாதாரண ஒய் கேபிளில் (Y எழுத்தைப்போல் இரண்டு கிளைகள் ஒன்றாகும் வயர்) சேர்த்து ஆம்ப்ளிஃபையரில் செருகியிருந்தார்கள். ஒரு கருவியின் ஒலியை இரண்டு இடங்களுக்குப் பிரித்து அனுப்ப அந்தக் கேபிள் உதவும். இரண்டு கருவிகளின் ஒலியை ஒன்றாகச் சேர்க்க அது உதவாது. அப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு கருவியின் வெளியீடும் மற்றதற்குச் சுமையாகி, இரண்டின் ஒலியும் தளர்ந்து சிதைகிறது. நாளடைவில் கருவியே பழுதாகவும் கூடும். குறைந்தபட்சம் ஒவ்வொரு வழியிலும் 1 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டராவது (மின்தடை) இருந்திருக்க வேண்டும். நான் கேட்டபடி பாட்டு தானாகத் தணிய வேண்டுமானால், வழிகாட்டிக் குரலுக்கு முன்னுரிமை தரும் மிக்சர் இல்லாமல் முடியாது.

ஜி.பி.எஸ் தனிக் கருவியாக இல்லாமல் கைபேசிச் செயலியாகவே இருப்பவர்களுக்கு மிக்சரே தேவையில்லை. பாட்டைத் தணிப்பதைக் கைபேசியே செய்துவிடும். அவர்களிடமும் மிக்சர் என்று சொல்லிப் பணம் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒலியைவிட எனக்குப் பதற்றம் தந்தது மின் இணைப்பு. ஆம்ப்ளிஃபையருக்கான மின்சாரத்தை ஹெட்லைட் வயரிலிருந்து எடுத்திருந்தார்கள். வயரின் மேலுறையைச் சீவி, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப் சூட்டில் இளகி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. எர்த் வயரைப் பெயின்ட்கூடச் சுரண்டாமல் ஒரு தகட்டில் முடுக்கியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் பேட்டரியிலிருந்து தனி வயரும், பேட்டரியை ஒட்டி ஒரு ப்யூஸும், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரத்தை விடும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சும் வேண்டும். இவை இல்லாமல் எங்காவது ஷார்ட் ஆனால், பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் ஓடும் வயர் கூட்டமே தீப்பிடிக்கலாம். ஓட்டுகிறவருடைய உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இவ்வளவு அலட்சியம் காட்டியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆம்ப்ளிஃபையரின் பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருந்தது. ஆனால் அதனுள் இருந்தது 10 ஆம்பியர் ப்யூஸ். வண்டி ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டோடு பெருக்கினால் அது தொடர்ந்து இழுக்கக்கூடியதே 144 வாட்தான். வெளியே தருவது அதற்கும் குறைவு. வாங்குவதற்கு முன் ப்யூஸின் எண்ணைப் பாருங்கள், பெட்டியின் எண்ணை நம்பாதீர்கள்.

பணத்தைத் தருவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, கைபேசியைச் சார்ஜரில் செருகி, பாட்டையும் வழிகாட்டிக் குரலையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள இணைப்புகளைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரும் ரசீதில் தனித்தனியே இருக்க வேண்டும். என் ரசீதில் மிக்சர் என்ற சொல் இருப்பதால்தான் இப்போது எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க முடிந்திருக்கிறது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கழற்றிய ஒய் கேபிளையும் இளகிய டேப்போடு வெட்டியெடுத்த வயரையும் ரசீதோடு சேர்த்து, விசாரணைக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.