ரிச்சி தெருவில் உயிர் பெற்ற ஸ்பீக்கர்கள்

அப்பா வாங்கிய 8 அங்குல ஸ்பீக்கர் ஜோடி, சத்தம் கூட்டினாலே கரகரக்கும். புதுசு வாங்கும் எண்ணத்தில்தான் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ரிப்பேர் கடை. அங்கிருந்த அண்ணன் ஸ்பீக்கரின் கோன் (அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பு) ஓரத்தைத் தொட்டதும் ஃபோம் வளையம் கருப்புத் தூளாக அவர் விரலில் ஒட்டியது. "உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், காயில், நல்லா இருக்கு தம்பி, ஓரம் மட்டும் மாத்தினா போதும்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து 900 ரூபாய், மூன்று நாள். பழைய பசையை அவர் சுரண்டி எடுத்த பொறுமைக்கே அந்தப் பணம் தகும். இப்போது மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்தின் கனத்த நாதம் அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது! அப்புறம் வீட்டில் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வரும்படி ஸ்டூல் மேல் வைத்தேன். அதற்குச் செலவே இல்லை. கடையில் ரசீது மட்டும் தானாகத் தர மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.