பழைய லேப்டாப்பில் கேப் மென்பொருள்: பின்னல் சமன்பாட்டுக்காரன் பார்வையில்

குலங்கள் போன்ற இயற்கணித அமைப்புகளைக் கணக்கிடும் மென்பொருள் கேப் (GAP). அது இலவசம். பட்டன், மெனு என்று ஒன்றும் கிடையாது, கறுப்புத் திரையில் தட்டச்சு செய்வதுதான். மதுரையில் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இயற்கணிதம் எடுத்துக்கொண்டே இதைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். எனக்கு வேண்டியது அதில் உள்ள யாங்பாக்ஸ்டர் (YangBaxter) தொகுப்பு மட்டும், அதாவது பின்னல் சமன்பாட்டுக்கான துணை நிரல்.

சடை பின்னுகிற கை அறிந்ததைத்தான் பின்னல் சமன்பாடு சொல்கிறது. மூன்று இழைகளில் முதல் ஜோடி, இரண்டாம் ஜோடி, மறுபடி முதல் ஜோடி என்று மாற்றினாலும், இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றினாலும் முடிவு ஒன்றே. இதற்கு வெக்டர் வெளி எதுவும் இல்லாமல் வெறும் கணத்தின் மேலேயே தீர்வு தேடலாமே, அதாவது ஜோடியை ஜோடியாக மாற்றும் விதிகளைத் தேடலாமே என்று 1992-இல் கணிதவியலாளர் டிரின்ஃபெல்ட் கேட்டார். அந்தத் தீர்வுகளைப் பிடிக்க 2007-இல் ரும்ப் பிரேஸ் என்ற இயற்கணித அமைப்பைக் கொண்டுவந்தார். 2017-இல் குவர்னியேரியும் வென்ட்ராமினும் அதை ஸ்க்யூ பிரேஸாக விரித்தார்கள். ஸ்க்யூ பிரேஸில் ஒரே கணத்தின் மேல் +, ∘ என்று இரண்டு செயல்கள், இரண்டும் தனித்தனியே குலம் (group). இரண்டையும் கட்டிவைக்கும் விதி இது:

அ∘(ஆ+இ) = அ∘ஆ − அ + அ∘இ

இப்படி ஒரு அமைப்பு கையில் இருந்தால் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு தானாக வந்துவிடும். கூட்டல் குலம் பரிமாற்றுக் குலமாக இருந்தால், அந்தத் தீர்வை இரண்டு முறை செலுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பலாம்.

தொகுப்பின் பலமே அதன் பட்டியல்தான். 6 உறுப்புகளுக்கு 6 ஸ்க்யூ பிரேஸ்கள். அதில் பரிமாற்றுக் கூட்டல் உள்ளவை 2. இதைப் பிள்ளைகள் கையாலேயே சரிபார்த்துவிடுவார்கள். 8-க்கு 47, அதில் 27. அங்கே கை ஓய்ந்துவிடும், கேப் ஒரு நொடியில் சொல்லும். தோன்றுகிற ஊகம் தேறுமா என்று பார்க்கப் பெரிய நிறுவனத்தில் இடம் வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும்.

தொல்லை என்றால் பெருக்கல் வரிசை. (1,2) என்றால் 1-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றுவது. (1,2)*(1,3) என்று கொடுத்தால் கேப் (1,2,3) என்கிறது, நம் கரும்பலகையில் (1,3,2) வரும். அது இடமிருந்து வலமாகப் போகிறது, நாம் வலமிருந்து இடமாகப் போகிறோம். ஒவ்வொரு வருடமும் இதில் ஒரு வகுப்பு போய்விடுகிறது. வரிக் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் திட்டாது, சும்மா காத்திருக்கும். புதிதாக வருபவர்கள் கணினி தொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 8 உறுப்புக் கணத்தில் இருமுறை செலுத்தினால் திரும்பும் சிதைவற்ற (ஜோடியில் ஒன்றை நிறுத்திவைத்தால் மற்றது ஒன்றுக்கொன்றாக மாறும்) தீர்வுகள் 34,528 என்று 1999-இல் வந்தது. பிறகு வந்த கணக்கெடுப்பில் 34,530 ஆனது, இரண்டு விடுபட்டிருந்தன. 10 உறுப்புக்கு எண்ணிக்கை 48 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தப் பக்கம் என் லேப்டாப்பை நான் கூட்டிப்போவதில்லை. கரண்ட் போகிற ஊரில் நீளமான கணக்கு ஓட்டுபவர்கள் ‘லாக்டூ’ (LogTo) கட்டளையால் எல்லாவற்றையும் கோப்பில் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம் கட்டுரையில், பட்டியலில் அந்த அமைப்புக்கு உள்ள வரிசை எண்ணோடு தொகுப்பின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள்.