பத்தமடையில் வாங்கிய பாயும் மருமகள் கேட்ட கேள்வியும்

ஆறடிக்கு நான்கடி. கரை சிவப்பு, நடுவில் கோரையின் சொந்த நிறமான வெளிர் மஞ்சள். விலை 1,800 ரூபாய். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒரு கோடை முழுக்கப் படுத்து எழுந்த பிறகே இதை எழுதுகிறேன்.

கடையில் முதலில் விரித்துக் காட்டியவை எல்லாம் விசைத்தறிப் பாய்கள். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், நைலான்; ஓரத்தில் பிசிறிய நூலை நகத்தால் நெருடினாலே தெரிந்துவிடும். "கைத்தறி இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் உள்ளறையிலிருந்து நல்லது வெளியே வந்தது. கேட்காதவர்களுக்கு வராது போலிருக்கிறது. அரை நட்சத்திரத்தை அங்கேயே கழித்துக்கொண்டேன். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு இந்த ஊரிலிருந்து பாய் போன கதையை எனக்கும் சொன்னார்கள். தள்ளுபடி பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

பாயைக் குறை சொல்ல முடியாது. பாவு பருத்தி, குறுக்கே ஓடும் ஊடை கோரை. கோரையின் தண்டான தாளை மெல்லியதாகக் கிழித்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உலர்த்தி, மறுபடியும் கிழித்து நெய்கிறார்கள். 'பட்டுப் பாய்' என்றால் கிழிசல் இன்னும் மெல்லியது. பெயரில் உள்ள பட்டு, தொடும்போது தெரியும் மென்மைதான். அதன் விலை என் ஓய்வூதியத்துக்கு ஒத்துவராது. என்னுடையது நடுத்தரம். சித்திரை வெயிலில் மெத்தை கொதித்தபோது இது முதுகுக்குக் குளிர்ந்தது. ஒரே குறை: முதல் வாரம் கரைச் சாயம் வெள்ளைப் போர்வையில் இறங்கியது. ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து நிழலில் காயவைத்த பிறகு நின்றுவிட்டது.

இனி மருமகள். பெங்களூரில் இருக்கிறாள், பல் துலக்கும் குச்சியைக்கூட எங்கிருந்து வந்தது என்று விசாரித்துத்தான் வாங்குவாள். பாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது ஆற்றங்கரையில் அறுக்கும் செடி என்கிறீர்கள். அழிந்துவரும் இனம் இல்லையே?" என்றாள். முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவளிடம் கேட்டால் விடுவேனா?

கோரைப்புல் என்கிறோம், ஆனால் அது புல் அல்ல. புல்லின் தண்டு உருண்டையாக, கணுக்களோடு இருக்கும். கோரைத் தாளை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று மூலைகள் தட்டுப்படும். பாய்க்கோரையின் அறிவியல் பெயர் சைப்பரஸ் பாங்கோரி. அந்தப் பெயரின் வாலில் 'கோரை' என்று என் காதில் விழுகிறது, உங்களுக்கும் விழுகிறதா? இந்தியா, இலங்கை, நேபாளம், மியான்மர் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் பரவிக் கிடக்கிறது. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று தரம் பிரிக்கும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இதற்குக் கிடைத்திருப்பது 'குறைந்த கவலை' என்ற தரம். வயலில் முத்தக்காசைப் பிடுங்கிப் பிடுங்கிச் சலித்தவர்கள் சிரிப்பார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த அந்தக் களைக்கும் அதே தரம்தான்.

மருமகள் நிம்மதியாகிவிட்டாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. காரணம், கடைக்குப் பின்னால் தறியில் இருந்த பாட்டி சொன்னது. "முன்பெல்லாம் ஆற்றில் இறங்கினால் கோரை, டீச்சர். இப்போது முசிறிப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக லாரியில் வருகிறது. அது தடிமன், கிழிக்கும்போது கை வலிக்கிறது." தாமிரபரணிக் கரையில் மணல் போன இடத்தில் பள்ளம், மற்ற இடத்தில் சீமைக் கருவேலம், தேங்கிய தண்ணீரில் அமலைச் செடி. கோரைக்கு எங்கே இடம்?

பட்டியலில் பிழை இல்லை. அது கேட்கும் கேள்வி வேறு. ஓர் இனம் பரவியிருக்கும் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே சுருங்கி, அதோடு தொடர்ந்து குறைந்தும் துண்டுபட்டும் வந்தால், அல்லது பத்து ஆண்டிலோ மூன்று தலைமுறையிலோ முப்பது விழுக்காடு குறைந்தால் 'அழிவாய்ப்புள்ளது' என்ற படிக்கு ஏறும். தமிழ்நாடு மட்டுமே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். தாமிரபரணியின் இரு கரையிலும் ஒரு தாள்கூட மிஞ்சாமல் போனாலும் பாங்கோரிக்கு 'குறைந்த கவலை'தான். செடிக்குக் கவலை இல்லை என்பது சரி. பாட்டியின் கைவலி எந்தத் தரத்தில் வரும் என்று அந்தப் பட்டியலில் தேட முடியாது. அது அதற்காகப் போட்ட பட்டியலும் அல்ல.

ஆகவே, கோரை அழிந்துவிடும் என்று பயந்து பிளாஸ்டிக் பாய் வாங்குகிறவர்கள் தாராளமாக இதை வாங்கலாம். வேரை விட்டுத் தாளை மட்டும்தான் அறுக்கிறார்கள். கிழங்கு மறுபடியும் துளிர்க்கும். வாங்கும்போது பாவு என்ன நூல், கோரை எந்த ஊர் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் உண்மையைச் சொன்னார். அதற்காக, கழித்த அரை நட்சத்திரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். சாயத்துக்கு அரை போக, மொத்தம் நாலேகால்.

தங்கை மகள் கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயர் போட்ட பாய் ஒன்று சொல்லியிருக்கிறேன். தைக்குள் கிடைக்குமா என்று கேட்டதற்குப் பாட்டி, "முசிறி லாரி வரட்டும், டீச்சர்" என்றார்.