அமுக்கிக் குலுக்கி அளந்து போடுற அரிசிக் கடை, என் அனுபவம்

ரங்கூன்ல அரிசி எங்க வாங்குறீங்கன்னு போன ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சு வெளிய நிக்கும்போது மூணு பேரு கேட்டாங்க, மூணு பேருக்கும் தனித்தனியா வழி சொல்லி வாயே வலிச்சுப் போச்சு, அதான் ஒரே தடவையா இங்க எழுதிடறேன். கடைக்குப் பேரும் கிடையாது போர்டும் கிடையாது. அனவ்ரத்தா ரோட்ல (எங்கம்மா கடைசி வரைக்கும் ப்ரேசர் ஸ்ட்ரீட்டுன்னுதான் சொன்னாங்க) காளி கோயில்ல இருந்து நடந்து போற தூரம்தான். குறுக்குத் தெரு ஒண்ணுல, மேல நீலத் தார்ப்பாய் கட்டி, கீழ எட்டு பத்து தட்டுல அரிசியைக் கூம்பு கூம்பா குவிச்சு, ஒவ்வொரு கூம்பு தலைலயும் விலை எழுதின அட்டையைக் குத்தி வச்சிருப்பாங்க. விலையை நான் இங்க எழுத மாட்டேன், எழுதினா நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள மாறிடும், நம்ம ஊரு நிலவரம் உங்களுக்கே தெரியும்.

கடைக்காரம்மா பர்மாக்காரங்க, அறுவத்தஞ்சு வயசு இருக்கும், கன்னத்துல எப்பவும் தனக்கா (மரப்பட்டைய அரைச்சுப் பூசற சந்தனம் மாதிரி) பூசியிருக்கும், நான் அண்ட்டின்னு கூப்பிடுவேன், அவங்க என்னைய தமீ தமீன்னு மகளைக் கூப்பிடற மாதிரி கூப்பிடுவாங்க. பஜார் தமிழ் நல்லா வரும். "இது பழசு, நல்லா இருக்கு, அது புதுசு, உனக்கு வேணாம்" அப்படின்னு முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. அதுவே பெரிய விஷயம், ஏன்னா அறுப்பு முடிஞ்சு ஜனவரி பிப்ரவரில வர்ற புது அரிசியைப் பழசுன்னு தள்ளி விடுற கடை இங்க நிறைய, நாம வீட்டுக்குக் கொண்டு வந்து பொங்கினா சோறு களி மாதிரி குழைஞ்சு நிக்கும். எங்க வீட்ல அன்னாடத்துக்கு எமத்தா அரிசி, ஞாயித்துக்கிழமைக்கும் விருந்தாளி வந்தாலும் பொசான் அரிசி. பொசான் பாக்க குட்டையா உருண்டையா முத்து மாதிரி இருக்கும், வெந்ததும் நீளமா வந்து நிக்கும், அந்த வாசனைக்கே கொழம்பு வேணாம். 2011ல உலகத்துலயே நல்ல அரிசின்னு பரிசு வாங்கினது இதுதான், அப்போ நாங்க என்னமோ நாங்களே நட்டு அறுத்த மாதிரி பெருமைப்பட்டுக்கிட்டோம்.

சரி, நான் எழுத வந்தது அரிசியைப் பத்தி மட்டும் இல்ல, அளக்கறதைப் பத்தி. வெளிநாட்ல இருந்து படிக்கறவங்களுக்காக சொல்றேன், இங்க சில்லறை அரிசிய கிலோவுல வாங்க மாட்டோம், ப்யி கணக்கு. கண்டென்ஸ்டு மில்க் டப்பா எட்டு சேந்தா ஒரு ப்யி, இருபத்தி நாலு ப்யி ஒரு மூட்டை, மூட்டைன்னா 108 பவுண்டு. எடை இல்லாம அளவுன்னு வந்துட்டா அளக்கற கைதான் எல்லாமே. டப்பா அடியை லேசா உள்பக்கம் நசுக்கி வச்சிருக்கற ஆளைப் பாத்திருக்கேன். கட்டை விரலை டப்பாவுக்குள்ள விட்டுப் புடிச்சு அள்ளுற ஆள் உண்டு, எட்டு டப்பாவுக்கு எட்டு கட்டை விரல், கணக்குப் போட்டுக்குங்க. இன்னும் சில பேரு உசரத்துல இருந்து மெதுவா பொலபொலன்னு கொட்டுவாங்க, பாக்க தாராளமா கொட்டற மாதிரி இருக்கும், ஆனா மணிக்கு மணி நடுவுல காத்துதான் நிக்கும், அப்புறம் ஒரு குச்சிய வச்சு சர்ர்னு தலை தட்டிடுவாங்க. நியாயமா பாத்தா அது குறை சொல்ல முடியாத அளவு. வீட்டுக்கு வந்து நாலு தட்டு தட்டினா ரெண்டு விரக்கடை எறங்கிப் போயிருக்கும்.

அண்ட்டி அளக்கறதை நின்னு பாக்கணும். ப்யி அளக்கற படியை அரிசிக்குள்ளயே அழுத்தி முக்கி அள்ளுவாங்க, தரைல டொக் டொக்னு ரெண்டு தட்டு தட்டுவாங்க, அரிசி எறங்கும், எறங்கின எடத்துல இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டு உள்ளங்கையால ஒரு அமுக்கு அமுக்கி, மறுபடி ஒரு குலுக்கு, அப்புறம் மேல கோபுரம் கட்டற மாதிரி கொட்டிக்கிட்டே இருப்பாங்க, நாலா பக்கமும் சரிஞ்சு விழ ஆரம்பிச்சப்புறம்தான் கை நிக்கும். குச்சியே அந்தக் கடைல கிடையாது. அப்புறம் பைல கொட்டினதுக்கு மேல ஒரு கை கொசுறு. பர்மால அதுக்கு அசிட்னு சொல்வாங்க (ஆசிட் இல்லீங்க, பயப்படாதீங்க).

முதல் தடவை பாத்தப்ப எனக்கு சந்தோஷம் வரல, சந்தேகம்தான் வந்துச்சு. உண்மையச் சொல்றேன். ஒருத்தங்க இவ்வளவு குடுத்தா எங்கயோ புடிக்கறாங்கன்னுதான நமக்குத் தோணும்? அரிசில கல்லு இருக்கும், இல்ல நொய்யி கலந்திருக்கும், இல்ல ப்யியே சின்னதா இருக்கும். வீட்டுக்கு வந்து கதவை சாத்திக்கிட்டு எங்க வீட்டு பால் டப்பாவை எடுத்து திருட்டுப் பொருளை எண்ணற மாதிரி தரைல உக்காந்து அளந்தேன். எட்டு டப்பா வந்துச்சு, அதுவும் நானே தலை தட்டாம அளந்து. அதுக்கப்புறமும் பைல அரை டப்பாவுக்கு மேல கெடந்துச்சு. மறுபடி ஒரு தடவை அளந்தேன், அப்பவும் அதேதான். முறத்துல கொட்டிப் புடைச்சுப் பாத்தேன், ரெண்டு நெல்லு இருந்துச்சு, அவ்வளவுதான். என் பொண்ணு வாசல்ல நின்னு பாத்துட்டு, "அந்தப் பாட்டி ஏமாத்தலன்னு உனக்கு வருத்தமாம்மா?" அப்படின்னா. பதில் சொல்ல முடியல.

அன்னைக்கு ராத்திரி ஜெபத்துல லூக்கா ஆறாம் அதிகாரம். நான் வேணும்னு எடுக்கல, வாசிப்பு வரிசைல அதுதான் வந்துச்சு. "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து, உங்கள் மடியிலே போடுவார்கள்." சின்ன வயசுல ஞாயிறு பள்ளில மனப்பாடம் பண்ணி பரிசா பென்சில் பாக்ஸ் வாங்கின வசனம், அதையே ஞாயிறு பள்ளி டீச்சரா பதினஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லியும் குடுத்தாச்சு, ஆனா அது ஒரு அரிசிக் கடையோ தானியக் கடையோ பாத்த ஆளு பேசற பேச்சுன்னு ஒரு நாளும் எனக்கு ஒறைக்கல. அமுக்கறது, குலுக்கறது, சரிய விடறது, அப்படியே வரிசையா அண்ட்டியோட கை. அந்தக் காலத்துல மேல் அங்கிய இடுப்புக் கச்சைக்கு மேல இழுத்து மடிச்சு விட்டா பை மாதிரி வரும், அதுலதான் தானியம் வாங்கிட்டுப் போவாங்களாம். பைபிள்ல வர்ற ரூத்துக்கு போவாஸ் ஆறுபடி வாற்கோதுமை அளந்து போட்டதும் அவ போர்வைலதான். நம்ம பாட்டிங்க முந்தானைல வாங்கினது மாதிரின்னு வச்சுக்கங்க.

இன்னொண்ணு, அந்த வசனத்தோட முன் வசனத்தை யாரும் சேத்து வாசிக்கறதே இல்ல. 37ஆம் வசனம் மத்தவங்களைக் குற்றவாளின்னு தீர்க்காதீங்க, ஆக்கினைக்குள்ளாகும்படி தீர்க்காதீங்க, விடுதலை பண்ணுங்கன்னு சொல்லுது, அதுக்கு அடுத்துதான் கொடுங்கள்னு வருது. அப்போ அங்க முதல்ல அளக்கப்படறது பணம் இல்ல. இரக்கம், மன்னிப்பு. நான் அப்பத்தான் தரைல உக்காந்து ஒரு பாவப்பட்ட கிழவிய குற்றவாளின்னு தீர்த்துட்டு வந்திருக்கேன், டப்பா சாட்சியோட.

இதைச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு கூட்டத்துல பேச வந்த ஊழியக்காரர் ஒருத்தர் இதே வசனத்தை வச்சு, ஒரு லட்சம் ச்சாட் (எங்க ஊரு காசு) காணிக்கையா விதைச்சவங்களுக்கு வருஷம் முடியறதுக்குள்ள பத்து லட்சம்னு மேடைல நின்னு சொன்னாரு, நான் கூட பைல இருந்த வீட்டு வாடகைக்கான காசுல பாதியப் போட்டுட்டு வந்தேன். அடுத்த மாசம் வீட்டுக்காரம்மா வந்து அளந்தாங்க பாருங்க, நல்லா அமுக்கிக் குலுக்கி! அதுல இருந்து தேவனோட தாராளம்னு யாராவது பேச ஆரம்பிச்சாலே எனக்கு லேசா எரிச்சல் வரும், நாம ஏதோ போடணும்னுதான் அடுத்து சொல்லப் போறாங்கன்னு. அந்த எரிச்சல் போனது பிரசங்கத்துல இல்ல, இந்தக் கடைலதான்.

எங்க பாஸ்டர் ஐயாகிட்ட இந்தக் கதையச் சொல்லி, "ஐயா, கிருபைன்னா அந்தக் கொசுறு மாதிரிதான, காசு குடுக்காம மேல விழறது?" அப்படின்னு கேட்டேன், நல்ல உவமைன்னு பாராட்டுவாருன்னு நினைச்சேன். அவரு சிரிச்சுட்டு, "நீங்க எட்டு டப்பாவுக்கு காசு குடுத்தீங்களேம்மா. தேவன்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?" அப்படின்னாரு. ரெண்டு நாள் அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன், சோறு ஒரு தடவை அடி பிடிச்சுப் போச்சு.

2021 பிப்ரவரி, ராணுவம் ஆட்சியப் புடிச்ச சமயம் ஞாபகம் இருக்கும். பேங்க் மூடிக் கெடக்கு, ஏடிஎம் வாசல்ல விடியக்காலைலயே வரிசை, அடுத்த வாரம் என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. நான் பயத்துல கைல இருந்ததெல்லாம் போட்டு வேற எடத்துல மூணு மூட்டை வாங்கி, கட்டில் அடில ஒண்ணு, பூஜை அறை மாதிரி வச்சிருக்கோமே அந்த ஜெப மூலைல ஒண்ணு, மாடிப்படி கீழ ஒண்ணுன்னு அடுக்கிட்டேன். வருசம் பூரா கர்த்தர் என் மேய்ப்பர்னு பாடறவ! ஜூன்ல மழை புடிச்சதும் கட்டில் அடில இருந்து கறுப்பா சின்னச் சின்னதா ஊர்ந்து வருது, வண்டு. வண்டு வெளிய இருந்து வர்றதுன்னுதான் நினைச்சிருந்தேன், அப்படி இல்லையாம், அது அரிசி மணியையே துளைச்சு உள்ள முட்டை வச்சுடுமாம், நாம வாங்கும்போதே உள்ள குடியிருந்திருக்கு. காய வைக்க வெயிலும் இல்ல, வேப்பிலை போட்டேன், காஞ்ச மொளகா போட்டேன், ஒண்ணும் ஆகல. ஒன்னரை மூட்டை மாவா உதிர்ந்து புறாவுக்கும் கோழிக்கும் போச்சு. அந்த மாசம்தான் எங்க தெருவுல ரெண்டு வீட்ல அடுப்பு எரியலன்னு அப்புறமா கேள்விப்பட்டேன். அது இன்னும் உறுத்துது. யாத்திராகமம் பதினாறுல, வனாந்தரத்துல தேவன் சாப்பிடக் குடுத்த மன்னாவை விடியற வரைக்கும் எடுத்து வச்சவங்களுக்குப் புழு புடிச்சு நாறிப் போச்சுன்னு எத்தனை தடவை படமெல்லாம் வரைஞ்சு சொல்லிக் குடுத்திருக்கேன்.

அதுல இருந்து மூட்டை வாங்கறது இல்ல, வாரத்துக்கு ரெண்டு ப்யி, மாசக் கடைசில ஒரு ப்யி. சேத்து வைக்கறதே தப்புன்னு சொல்லல, அதே மன்னாவை ஆறாம் நாள்ல ரெட்டிப்பா சேக்கச் சொன்னதும் கர்த்தர்தான். எனக்கு ஒத்து வந்தது இது.

கடைல குறையே இல்லையான்னா நிறைய இருக்கு. பௌர்ணமின்னா மூடிடுவாங்க, தண்ணித் திருவிழா சமயத்துல பத்து நாளைக்கு ஆளே இருக்காது, முன்னாடியே வாங்கி வச்சுக்கணும். கேபே (ஃபோன்ல காசு அனுப்பற ஆப்) கிடையாது, கைக்காசுதான். சில்லறை கேட்டா மிட்டாயும் டிஷ்யூ பாக்கெட்டும்தான் வரும், எங்க வீட்ல டிஷ்யூ வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. கரண்ட் போற நேரத்துல அரிசி நிறமே தெரியாது, ஃபோன் டார்ச் அடிச்சுப் பாத்துக்குங்க. ஒரு தடவை அண்ட்டியோட பேரன் இருந்தான், பழசுன்னு சொல்லி புதுசைக் கட்டிக் குடுத்துட்டான், சோறு பசையாயிடுச்சு. ஒரு வேளைக்குப் பொங்கினது போக மிச்சத்தைத் தூக்கிட்டுப் போய் கோவமா வச்சேன். அண்ட்டி பையைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கடிச்சுப் பாத்தாங்க, எவ்வளவு குறையுதுன்னு அளக்கவே இல்ல, அப்படியே தட்டுல கொட்டிட்டு பழசுல முழு ரெண்டு ப்யி அளந்து போட்டாங்க, அதே கோபுரத்தோட. "பொங்கினதுக்கு காசு கழிச்சுக்கங்க அண்ட்டி"ன்னேன். "அது குழைஞ்சு போச்சுன்னு சொன்னியே, அப்ப நீ எங்க தின்ன?" அப்படின்னாங்க. பேரன் அன்னைக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.

எங்க சபைல பெண்கள் சங்கத்துல பிடி அரிசி எடுக்கற பழக்கம் இருக்கு. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி தனியா டப்பால போட்டு, மாசம் ஒரு தடவை கொண்டு போய் சேக்கறது. மேற்கு மலைப் பக்கத்து சின் ஜனங்க சபைலயும் இது உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் மிசோரம்ல 1910 வாக்குல ஆரம்பிச்சு அதுலயே ஊழியர்களை அனுப்பிக்கிட்டு இருக்காங்க. ஒரு நாள் உலைல அரிசி போடும்போது என் பிடியை நானே பாத்தேன். விரலை இறுக்கி மூடி, சின்னதா, பிடிக்குள்ள இருக்கறதை விட வெளிய உலைலயே விழட்டும்னு. பொண்ணு பாத்துட்டு, "கோழிக்குஞ்சுக்குப் போடறியாம்மா?" அப்படின்னா. இவளுக்கு வாய் ஜாஸ்தி. இப்ப விரலை விட்டுப் போட்டு அள்ளறேன், கையோரத்துல சரியும், சரியட்டும்.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலரை, அந்த அரை டிஷ்யூ பாக்கெட்டுக்காகக் கழிச்சது. காலைல ஒம்பது மணிக்கு முன்னாடி போனா அண்ட்டியே இருப்பாங்க. டெலிவரி கிடையாது, வாசல்ல நிக்கற சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) காரரு கொண்டு வந்து குடுப்பாரு. எங்கள மாதிரி லிஃப்ட் இல்லாத அஞ்சாம் மாடின்னா பால்கனி கயித்துல கட்டி இழுத்துக்கலாம். ஆனா ரெண்டு ப்யிதானேன்னு ரெண்டு ப்யி பையை எடுத்துட்டுப் போகாதீங்க, பெருசா எடுத்துட்டுப் போங்க. போன மாசம் நான் சின்னப் பைல வாங்கி, வாயைக் கட்ட முடியாம அப்படியே கயித்துல மாட்டி இழுத்தேன், மூணாம் மாடி வரைக்கும் சிந்திக்கிட்டே வந்துச்சு, கீழ தெருப் புறா மொத்தமும் கூடிடுச்சு, ரெண்டாம் மாடி அக்கா குடையைப் புடிச்சுக்கிட்டு திட்டறாங்க. மேல வந்து அளந்து பாத்தேன். பழக்கம் விடுமா? பதினாறு டப்பா சரியா இருந்துச்சு.